பிந்தி வரும் அழைப்புப் பதிவுகளை எந்த நாளில் கணக்கு வைப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருளை வைத்து ஓடும் ஒரு நிறுவனத்தின் தொலைபேசி அமைப்பு. தலைமை அலுவலகத்தில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், கிளைகளில் தனித்தனி ஆஸ்டெரிஸ்க் சர்வர்கள். தினமும் நள்ளிரவு 12:05-க்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, முடிந்த நாளின் அழைப்புகளைத் துறைவாரியாகக் கூட்டிச் செலவுக் கணக்கு எழுதுகிறது. மாதக் கடைசியில் தொலைபேசி நிறுவனத்தின் பில்லோடு ஒப்பிட்டால் சொந்தக் கணக்கு எப்போதும் குறைவாகவே நிற்கிறது. கிளையின் இணைப்பு அறுந்து மறுநாள் வந்து சேரும் பதிவுகளை எந்த நாளில் சேர்ப்பது? மூடிவிட்ட மாதத்தின் பதிவு வந்தால் என்ன செய்வது? ஒரே பதிவு இரண்டு முறை வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இணைப்பு அறுந்த நாட்களை மட்டும் சந்தேகப்படாதீர்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளிலும் அழைப்புப் பதிவு பிந்தித்தான் வரும். அதன் இயல்பே அப்படி. ஆஸ்டெரிஸ்க் ஒரு அழைப்பின் பதிவை அது முடிந்த பிறகுதான் எழுதுகிறது. ஆனால் அந்தப் பதிவில் கால்டேட் என்ற ஃபீல்டில் இருப்பது அழைப்பு தொடங்கிய நேரம். எழுதப்பட்ட நேரம் பதிவில் எங்கேயும் இல்லை.

ஒரு அழைப்பை எடுத்துப் பார்ப்போம். 31-ஆம் தேதி இரவு 11:48-க்கு உங்கள் ஊழியர் ஒருவர் வெளிநாட்டு வாடிக்கையாளரை அழைக்கிறார். 12 விநாடி மணி அடித்து எதிர்முனையில் எடுக்கிறார்கள். பேச்சு 12:37-க்கு முடிகிறது. மணி அடித்ததையும் சேர்த்த மொத்த நேரமான டியூரேஷன் 2940 விநாடி, எடுத்த பிறகு பேசிய நேரமான பில்செக் 2928 விநாடி, நிமிடக் கணக்கில் 49 நிமிடம். பதிவு டேட்டாபேஸுக்குள் நுழைவது 12:37-க்கு. உங்கள் ஸ்கிரிப்ட் 12:05-க்கே ஓடி 31-ஆம் தேதியைக் கூட்டி முடித்துவிட்டது. அப்போது இந்தப் பதிவே பிறக்கவில்லை. அடுத்த இரவு ஓடும்போது ஸ்கிரிப்ட் 1-ஆம் தேதியின் கால்டேட்டைத்தான் தேடும். இந்தப் பதிவில் இருப்பதோ 31. அதனால் அன்றும் சேராது. டேபிளில் பதிவு பத்திரமாக இருக்கிறது, எந்த ரிப்போர்ட்டிலும் வராது. மாத பில்லில் மட்டும் வரும், ஏனென்றால் தொலைபேசி நிறுவனத்தின் கணக்கு உங்கள் 12:05-ஐப் பார்த்து ஓடுவதில்லை.

சிலர் இதைத் தவிர்க்க மணிக்கு ஒருமுறை ஓடும்படி மாற்றுவார்கள். கடைசியாக எடுத்த பதிவின் கால்டேட்டைக் குறித்துவைத்து, அடுத்த முறை அதற்கு மேல் உள்ளதை மட்டும் எடுப்பார்கள். இது இன்னும் மோசம். 10:00-க்குத் தொடங்கி 10:50 வரை நீண்ட அழைப்பு ஒன்று, 10:40-க்குத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் முடிந்த அழைப்பு இன்னொன்று. 10:45-க்கு ஓடும் வேலை குட்டி அழைப்பை எடுத்துக்கொண்டு, குறியை 10:40-க்கு நகர்த்திவிடும். அடுத்த ஓட்டத்தில் 10:40-க்கு மேல் உள்ளதைத்தான் கேட்கும். 10:00 மணி அழைப்பு நிரந்தரமாக விடுபட்டுப் போகும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விடுபடுவது ஏதோ ஒரு அழைப்பு அல்ல. அழைப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அது விடுபடும் வாய்ப்பும் அதிகம். நீண்ட அழைப்புதான் அதிகச் செலவுள்ள அழைப்பு. பதிவுகளின் எண்ணிக்கையில் அரை சதவீதம்கூடக் குறையாமல் இருந்தும் தொகையில் நல்ல வித்தியாசம் வருவது இப்படித்தான். எண்ணிக்கை கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். பில்செக்கின் கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள்.

ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நேரம் தேவை: அழைப்பு எப்போது நடந்தது, பதிவு எப்போது வந்து சேர்ந்தது. பழைய தபால் உறையில் அனுப்பிய ஊர் முத்திரை ஒன்றும் வந்து சேர்ந்த ஊர் முத்திரை ஒன்றுமாக இரண்டு இருக்குமே, அதுபோல. செலவை எந்த நாளில் வைப்பது என்பதை முதல் நேரம் தீர்மானிக்கும். எந்தப் பதிவை இன்னும் எடுக்கவில்லை என்பதை இரண்டாவது தீர்மானிக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் இரண்டு வேலைக்கும் கால்டேட்டையே பயன்படுத்துகிறது. பிரச்சினையின் வேர் அதுதான்.

வந்த நேரத்துக்கு ஒரு ஃபீல்டு சேர்ப்பது எளிது. ஆஸ்டெரிஸ்க் டேட்டாபேஸில் எழுதப் பயன்படும் அடாப்டிவ் ஓடிபிசி பகுதி வழியாக எழுதுகிறீர்கள் என்றால், அது டேபிளில் தனக்குத் தெரிந்த பெயருள்ள ஃபீல்டுகளை மட்டும் நிரப்பும், மற்றவற்றைத் தொடாது. புதிய ஃபீல்டுக்கு இயல்பு மதிப்பாக அப்போதைய நேரத்தைக் கொடுத்துவிட்டால் போதும். ஆஸ்டெரிஸ்க்கில் எதையும் மாற்ற வேண்டாம். கையோடு, அழைப்பு எடுக்கப்பட்ட நேரத்துக்கு ஆன்சர், முடிந்த நேரத்துக்கு எண்ட் என்ற இரண்டு ஃபீல்டுகளையும் சேர்த்துவிடுங்கள். ஆஸ்டெரிஸ்க்கிடம் அந்த நேரங்கள் இருக்கின்றன. டேபிளில் இடம் இல்லாததால்தான் அவை எழுதப்படாமல் போகின்றன. அழைப்பு முடிந்த நேரம் கையில் இருந்தால், வந்த நேரத்திலிருந்து அதைக் கழித்து உண்மையான தாமதம் எவ்வளவு என்று பார்க்கலாம்.

தாமதத்தை அளக்கத் தொடங்கியதும் சில பதிவுகளில் விசித்திரமான எண்கள் தெரியும். அவற்றில் ஒரு பகுதி தாமதமே அல்ல, கடிகாரக் கோளாறு. சரியாக 5 மணி 30 நிமிடம் என்ற வித்தியாசத்தைப் பார்த்தால் உடனே புரிந்துவிடும்: எங்கோ ஒரு சர்வர் இந்திய நேரத்திலும் இன்னொன்று யூடிசி எனும் உலகப் பொது நேரத்திலும் எழுதுகிறது. கிளவுடில் எடுத்த சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில்தான் வரும். அப்படி எழுதப்பட்ட பதிவுகளில், நம் ஊர் நேரப்படி நள்ளிரவு முதல் காலை 5:30 வரை நடந்த அழைப்புகள் எல்லாம் முந்தைய தேதியில் போய் உட்காரும். பகலில் மட்டும் இயங்கும் அலுவலகத்தில் தேதி மாறாது, அதனால் யாருக்கும் தெரியாது. இரவு ஷிஃப்ட் உள்ள இடத்தில் மாதத்தின் முதல் தேதி அதிகாலை அழைப்புகள் போன மாதக் கணக்கில் ஏறும்.

இன்னொரு கடிகாரக் கோளாறு சின்னக் கிளைகளில் நடப்பது. ராஸ்பெர்ரி பை 4 போன்ற பலகைகளில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்ததும் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும். இணையம் கிடைத்து நேரம் சரியாகும்வரை நடக்கும் அழைப்புகள் பழைய நேரத்தோடு பதிவாகும். அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கடிகாரம் திருத்தப்பட்டால் கால அளவும் கெடலாம். இந்தப் பதிவுகளைத் தாமதப் பதிவுகளோடு கலக்காமல் தனியே ஒதுக்குங்கள். நேரம் ஒத்திசைவதற்கு முன் ஆஸ்டெரிஸ்க் தொடங்காதபடி வைப்பதுதான் அதற்குச் சரியான மருந்து.

இனி உண்மையான தாமதத்துக்கு வருவோம். பேட்ச் முறை இயக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆஸ்டெரிஸ்க்கின் அழைப்புப் பதிவு அமைப்புக் கோப்பில் பேட்ச் என்ற அமைப்பு உண்டு. இயல்பாக அது அணைந்திருக்கும். இயக்கினால் பதிவுகள் நினைவகத்தில் சேர்ந்து, 100 பதிவு ஆனதும் அல்லது 300 விநாடி கடந்ததும் மொத்தமாக எழுதப்படும். இந்த இரண்டு எண்களையும் மாற்றிக்கொள்ளலாம். ஐந்து நிமிடத் தாமதம் பெரிதல்ல. ஆனால் அந்த நேரத்தில் மின்சாரம் போனாலோ ஆஸ்டெரிஸ்க் விழுந்தாலோ நினைவகத்தில் இருந்தவை போனதுதான். கோப்பிலேயே இந்த எச்சரிக்கை எழுதியிருக்கிறது. பில்லுக்குப் பயன்படும் அமைப்பில் இதை நான் இயக்க மாட்டேன். டேட்டாபேஸ் தாங்கவில்லை என்று இயக்கியிருந்தால், டேட்டாபேஸைச் சரிசெய்வதுதான் வழி.

அடுத்தது பலர் எதிர்பார்க்காத ஒன்று. டேட்டாபேஸ் கிடைக்காத நேரத்தில் அழைப்பு முடிந்தால், ஆஸ்டெரிஸ்க் அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு மறுபடி முயலும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. லாகில் ஒரு பிழை வரி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். கிளை சர்வர் நேராகத் தலைமை அலுவலக டேட்டாபேஸுக்கு எழுதும்படி வைத்திருந்தால், இணைப்பு அறுந்த நேரத்துப் பதிவுகள் பிந்தி வராது, வரவே வராது. இருந்தும் உங்களுக்கு மறுநாள் வருகிறது என்றால் யாரோ காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்பிலிருந்து ஏற்றுகிறார்கள். அது நல்லதுதான். அதையே முறையாகச் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு கிளையிலும் சிஎஸ்வி எழுதும் பகுதி எப்போதும் இயங்கட்டும், டேட்டாபேஸுக்கு எழுதினாலும் இல்லாவிட்டாலும். அந்தப் பகுதியை எழுதியவர்கள் பில்லிங் பதிவு தொலையக் கூடாது என்பதில் மிகக் கவனமாக இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் கோப்பைத் திறந்து, எழுதி, மூடிவிடும். இதனால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது: எல்லாப் பதிவுகளும் சேரும் மாஸ்டர் கோப்பை நீங்கள் பெயர் மாற்றி நகர்த்தினால், அடுத்த பதிவு தானாகப் புதிய கோப்பில் விழும். ஆஸ்டெரிஸ்க்கை நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் இயல்பு அமைப்பில் அந்த சிஎஸ்வி உங்களுக்குப் போதாது. ஆஸ்டெரிஸ்க் கொடுக்கும் அடையாள எண்ணான யுனிக்ஐடி அதில் எழுதப்படாது. லாக்யுனிக்ஐடி என்ற அமைப்பை நீங்கள்தான் இயக்க வேண்டும். தொடர்புடைய பதிவுகளை இணைக்கும் லிங்க்டுஐடி, பதிவின் வரிசை எண்ணான சீக்வென்ஸ் ஆகியவை 1.8 பதிப்பில் வந்த ஃபீல்டுகள். அவையும் இயல்பாக எழுதப்படாது, அதற்குத் தனி அமைப்பு உண்டு. இந்த இரண்டையும் இன்றே இயக்கிவிடுங்கள். இவை இல்லாத சிஎஸ்வியை டேட்டாபேஸில் ஏற்றினால், எது புதிது எது ஏற்கெனவே வந்தது என்று பிரிக்க வழியே இருக்காது. ஜிஎம்டி நேரத்தில் எழுதும் அமைப்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது. சிஎஸ்வியும் டேட்டாபேஸும் ஒரே நேரக்கணக்கில் எழுதுகின்றனவா என்று கையோடு பார்த்துவிடுங்கள்.

கோப்பை அனுப்பும் முறைக்கு, உலக மொபைல் நிறுவனங்கள் ரோமிங் கணக்கைப் பரிமாறிக்கொள்ளும் முறையிலிருந்து இரண்டு பழக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். டேப் என்று அவர்கள் சொல்லும் அந்தக் கோப்புகளில் ஒவ்வொன்றுக்கும் 00001-லிருந்து 99999 வரை ஓடும் வரிசை எண் உண்டு. 00417-க்குப் பிறகு 00419 வந்தால், 418 எங்கே என்று பெறுபவர் உடனே கேட்க முடியும். அனுப்ப எந்த அழைப்பும் இல்லாதபோதும், எதுவும் இல்லை என்று சொல்லும் ஒரு வெற்றுக் கோப்பு போகும். உங்கள் கிளைகளும் மணிக்கு ஒருமுறை எண்ணிட்ட கோப்பு அனுப்பட்டும், அழைப்பே இல்லாவிட்டாலும் வெற்றுக் கோப்பு அனுப்பட்டும், கோப்பின் கடைசி வரியில் பதிவுகளின் எண்ணிக்கையும் பில்செக்கின் கூட்டுத்தொகையும் இருக்கட்டும். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை மதுரைக் கிளையில் யாரும் பேசவில்லையா, மதுரைக் கிளையிலிருந்து எதுவும் வரவில்லையா என்பது தெரியும். பதிவுகள் இல்லாததும் பதிவுகள் வராததும் டேபிளில் ஒரே மாதிரிதான் தெரியும். தாமதப் பதிவுகளைக் கையாள்வதில் பாதி வேலை, இன்னும் வராதது எது என்று தெரிந்துகொள்வதுதான்.

ஆஸ்டெரிஸ்க்கின் சீக்வென்ஸ் எண்ணிலேயே இடைவெளி தேடலாமே என்று தோன்றும். அது வேலைக்கு ஆகாது. அந்த எண் உள்ளே உருவாகும் ஒவ்வொரு பதிவுக்கும் ஏறும். எடுக்கப்படாத சில அழைப்புகளின் பதிவுகள் உருவாகியும் எழுதப்படாமல் கைவிடப்படும். ஆகவே இடைவெளி விழுவது இயல்பு. ஆஸ்டெரிஸ்க்கை மறுபடி தொடங்கினால் எண்ணும் முதலிலிருந்து தொடங்கும். கோப்பின் வரிசை எண்ணை நம்புங்கள்.

சரி, ஒரே பதிவு நேரடியாகவும் சிஎஸ்வி வழியாகவும் இரண்டு முறை வந்தால்? யுனிக்ஐடி என்ற பெயரைப் பார்த்து அதை மட்டும், ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் தனித்த சாவியாக வைத்துவிடாதீர்கள். அது சேனலின், அதாவது அழைப்பின் ஒரு முனை இணைப்பின் அடையாளம், பதிவின் அடையாளம் அல்ல. அழைப்பை மாற்றிவிடும்போதும் வரிசையில் நிற்கும் அழைப்பு பல ஏஜென்ட்களுக்கு மணி அடிக்கும்போதும் ஒரே யுனிக்ஐடியில் பல பதிவுகள் வரும். அதை மட்டும் சாவியாக வைத்தால் உண்மையான பதிவுகளை நகல் என்று தள்ளிவிடுவீர்கள். யுனிக்ஐடியும் சீக்வென்ஸும் சேர்ந்துதான் ஒரு பதிவை அடையாளம் காட்டும்.

கிளைகள் பல இருப்பதால் இன்னொன்றும் சேர வேண்டும். யுனிக்ஐடி என்பது யூனிக்ஸ் விநாடிகள் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணியவை), ஒரு புள்ளி, பிறகு ஒரு வரிசை எண். ஒரே விநாடியில் இரண்டு கிளைகளில் ஒரே எண் வர வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு சர்வரிலும் சிஸ்டம்நேம் என்ற அமைப்பில் வேறு வேறு பெயர் கொடுத்துவிட்டால் அந்தப் பெயர் யுனிக்ஐடியின் முன்னால் ஒட்டிக்கொள்ளும், மோதல் தீர்ந்தது. பழைய பதிவுகளுக்கு அது இருக்காது. அதனால் டேபிளிலும் கிளை என்ற ஃபீல்டை வைத்து, கிளை, யுனிக்ஐடி, சீக்வென்ஸ் மூன்றையும் சேர்த்துத் தனித்த சாவி போடுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் இங்கே மூன்று கண்ணிகள் உண்டு. தனித்த சாவியில் உள்ள ஒரு ஃபீல்டு நல் (மதிப்பே இல்லாத வெற்று நிலை) ஆக இருந்தால், அதே பதிவை எத்தனை முறை வேண்டுமானாலும் அது உள்ளே விடும். ஆகவே மூன்று ஃபீல்டுகளும் நல் ஏற்காதவையாக இருக்க வேண்டும். இரண்டாவது, நகலைத் தவிர்க்க இன்சர்ட் இக்னோர் போடும் பழக்கம். அது நகல் பிழையை மட்டும் விழுங்காது. நீளம் போதாமல் வெட்டப்படுவது, தவறான தேதி போன்ற பிழைகளையும் வெறும் எச்சரிக்கையாக இறக்கிவிட்டுப் பதிவை எழுதிவிடும். நகல் வந்தால் என்ன செய்வது என்று வெளிப்படையாகச் சொல்லும் ஆன் டூப்ளிகேட் கீ வடிவமே நல்லது. மூன்றாவது, டேபிளைக் கால்டேட் வைத்து மாதவாரியாகத் துண்டுகளாகப் பிரித்து, அதாவது பார்ட்டிஷன் செய்திருந்தால், தனித்த சாவியிலும் கால்டேட் இருந்தே ஆக வேண்டும் என்று மைஎஸ்கியூஎல் சொல்லும். அப்போது இரு வழியாக வரும் ஒரே பதிவின் கால்டேட் ஒரு விநாடி மாறினாலும் நகல் உள்ளே வந்துவிடும். பார்ட்டிஷன் இல்லாத ஒரு சின்ன வரவு டேபிளில் முதலில் இறக்கி, அங்கே நகலை வடிகட்டிவிட்டுப் பெரிய டேபிளுக்கு நகர்த்துவது இதற்காகத்தான்.

அப்புறம், எடுக்கும் முறை. வந்த நேரத்தையோ தானாக ஏறும் எண்ணையோ குறியாக வைத்து, அதற்கு மேல் உள்ளதை எடுக்கலாம் என்று தோன்றும். கால்டேட்டை வைத்து எடுப்பதைவிட நல்லதுதான், ஆனால் முழுமையாக நம்ப முடியாது. கிளைக் கோப்பிலிருந்து ஆயிரக்கணக்கான பதிவுகளை, முழுவதும் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற ஒரே டிரான்ஸாக்‌ஷனில் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். அவற்றுக்கு எண்கள் கிடைப்பது இன்சர்ட் ஆகும்போது, மற்றவர் கண்ணுக்குத் தெரிவது கமிட் ஆகி உறுதியாகும்போது. இடையில் தலைமை அலுவலகத்தின் நேரடி அழைப்பு ஒன்று அதைவிடப் பெரிய எண்ணை வாங்கிக்கொண்டு உடனே கமிட் ஆகிவிடும். அந்த நொடியில் ஸ்கிரிப்ட் ஓடினால் குறி பெரிய எண்ணுக்கு நகர்ந்துவிடும், கிளைப் பதிவுகள் மொத்தமாகக் குறிக்குப் பின்னால் போய்விடும்.

குறியே வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு பதிவிலும் ஓட்ட எண் என்று ஒரு ஃபீல்டு வையுங்கள். புதிதாக வருவதில் அது நல். ஸ்கிரிப்ட் ஓடும்போது, நல் ஆக உள்ள பதிவுகளுக்குத் தன் ஓட்ட எண்ணை எழுதும், அந்த எண் உள்ளவற்றை மட்டும் கணக்கிடும், எல்லாம் ஒரே டிரான்ஸாக்‌ஷனில். பதிவு எவ்வளவு பிந்தி வந்தாலும், கால்டேட் எந்த நாளாக இருந்தாலும், அது இன்னும் நல் ஆக இருப்பதால் அடுத்த ஓட்டத்தில் கட்டாயம் பிடிபடும். பாதியில் ஓட்டம் முறிந்தால் டிரான்ஸாக்‌ஷன் திரும்பிவிடும், பதிவுகள் மறுபடி நல் ஆகக் காத்திருக்கும். இன்னொரு பயன், ஒரு பதிவு எந்த ஓட்டத்தில் எப்போது கணக்கில் ஏறியது என்று ஆறு மாதம் கழித்தும் சொல்ல முடியும்.

எடுத்த பதிவுகளை வைத்து நாள் கூட்டுத்தொகையில் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அந்தப் பதிவுகள் தொடும் நாள், கிளை, துறை எவை என்று மட்டும் ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு, அந்த நாட்களின் கூட்டுத்தொகையை மூலப் பதிவுகளிலிருந்து முதலிலிருந்து கணக்கிட்டு மாற்றி எழுதுங்கள். கூட்டிக்கொண்டே போகும் முறையில் ஒரு ஓட்டம் தவறுதலாக இருமுறை ஓடினால் தொகை இரட்டிக்கும், யாராலும் பிரித்தெடுக்க முடியாது. மறுபடி கணக்கிடும் முறையில் பத்து முறை ஓட்டினாலும் அதே விடைதான் வரும். பிந்தி வந்த பத்துப் பதிவுகளுக்காக மூன்று நாட்களின் கணக்கை முழுவதும் மறுபடி போடுவது வீண் வேலை மாதிரித் தெரியலாம். ஓர் அலுவலகத்தின் அளவில் அது சில விநாடி வேலை.

கட்டணத்தையும் அழைப்பு நடந்த நேரத்தின்படி போட வேண்டும். கட்டண டேபிளில் ஒவ்வொரு விகிதத்துக்கும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்கட்டும், பழைய விகிதத்தை அழித்து எழுத வேண்டாம். 1-ஆம் தேதி கட்டணம் உயர்ந்து, 30-ஆம் தேதி அழைப்பு 3-ஆம் தேதி வந்து சேர்ந்தால் அதற்குப் பழைய கட்டணம்தான். எக்ஸ்டென்ஷன் எனும் உள் இணைப்பு எண் எந்தத் துறைக்கு உரியது என்பதற்கும் இதே விதி. ஊழியர் ஒருவர் துறை மாறிய வாரத்தில் பிந்தி வந்த பதிவுகள் புதிய துறையின் தலையில் விழுந்து சச்சரவாவது எல்லா அலுவலகத்திலும் நடக்கிறது.

மூடிய மாதத்துக்கு வருவோம். கணக்குப் பிரிவுக்கு அனுப்பி, துறைத் தலைவர்கள் ஒப்புக்கொண்ட எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றக் கூடாது. போன வாரம் பார்த்த தொகை இந்த வாரம் வேறாக இருந்தால் அதன்பிறகு உங்கள் எந்த ரிப்போர்ட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள். மாதம் மூடிய பிறகு வரும் பதிவை, இந்த மாதக் கணக்கில் முந்தைய மாதச் சரிக்கட்டல் என்று தனி வரியாகக் காட்டுங்கள். அந்த வரியைத் திறந்தால் அழைப்பின் உண்மையான தேதி, பதிவு வந்த தேதி, தாமதத்தின் காரணம் மூன்றும் தெரியட்டும். பயன்பாட்டுப் புள்ளிவிவரம், ஏஜென்ட் வேலை நேரம் போன்ற ரிப்போர்ட்கள் வேறு. அவற்றில் அழைப்பு நடந்த நாளிலேயே திருத்திவிடலாம். பணம் எண்ணும் ரிப்போர்ட்டுக்கும் வேலை எண்ணும் ரிப்போர்ட்டுக்கும் ஒரே விதி வேண்டியதில்லை.

மாதத்தை எப்போது மூடுவது என்று ஊகிக்க வேண்டாம். வந்த நேர ஃபீல்டை ஒரு மாதம் ஓடவிட்டு, தாமதங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். பெரும்பாலானவை விநாடிகளில் வந்திருக்கும். பிறகு கோப்பு அனுப்பும் இடைவெளி அளவுக்கு ஒரு கூட்டம். அதன்பின் இணைப்பு அறுந்த நாட்களின் நீண்ட வால். அந்த வால் எங்கே முடிகிறதோ அதை வைத்து, எல்லாக் கிளைகளின் கடைசிக் கோப்பும் வந்துவிட்டது என்ற நிபந்தனையோடு மூடுங்கள். அதற்கும் அப்பால் பல மாதம் கடந்து வருவதைத் தானாகக் கணக்கில் ஏற்ற வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். தனி டேபிளில் நிறுத்தி ஒரு ஆள் பார்க்கட்டும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் போகும் பணம் பெரிது. இரவு அழைப்புகளைப் பார்த்து வெளிநாட்டு அழைப்பு அளவுக்கு மீறினால் எச்சரிக்கும் வேலையையும் இதே அழைப்புப் பதிவு டேபிளில் பலர் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் கடவுச்சொல்லைக் கைப்பற்றியவர்கள் பெரும்பாலும் வார இறுதி இரவில்தான் வேலையைத் தொடங்குவார்கள், நீண்ட அழைப்புகளை ஒரே நேரத்தில் பலவாகத் திறந்துவைப்பார்கள். அழைப்பு முடிந்தால்தான் பதிவு வரும் என்பதால், மூன்று மணி நேரம் ஓடும் அழைப்பு மூன்று மணி நேரமும் அந்த டேபிளில் இருக்காது. எச்சரிக்கைக்கு இப்போது திறந்திருக்கும் சேனல்களை நேரடியாகப் பார்க்கும் மேலாண்மை இணைப்பையோ, சேனல் தொடங்கும்போதும் எடுக்கப்படும்போதும் உடனுக்குடன் நிகழ்வு எழுதும் சிஇஎல் (சேனல் நிகழ்வு) பதிவுகளையோ பயன்படுத்துங்கள். மொபைல் ரோமிங்கிலும் இதே காரணத்துக்காகத்தான் டேப் கோப்புக்குக் காத்திராமல், அழைப்பு முடிந்த 4 மணி நேரத்துக்குள் சுருக்கப் பதிவு வாடிக்கையாளரின் சொந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்ற தனி ஏற்பாடு வந்தது. தொலைபேசி நிறுவனங்களின் பெரிய ஸ்விட்ச்கள் நீண்ட அழைப்பை நடுநடுவே துண்டு துண்டாகப் பதிவு செய்து அனுப்பவும் செய்யும். அப்படிப்பட்ட பதிவுகள் உங்கள் அமைப்புக்கு வந்தால், துண்டுகளைச் சேர்த்த பிறகே நிமிடமாக உயர்த்துங்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே உயர்த்தினால் கட்டணம் கூடிவிடும்.

இனி கைவிட்டுப்போன பழைய மாதங்கள். அவற்றில் வந்த நேரம் இல்லை, ஆனாலும் வழி இருக்கிறது. கால்டேட்டோடு டியூரேஷனைக் கூட்டினால் அழைப்பு முடிந்த நேரம் கிடைக்கும். நேரடியாக எழுதப்பட்ட பதிவுகளுக்கு அதுவே வந்த நேரத்துக்கு மிக அருகில் இருக்கும். முடிந்த நேரம், அந்த நாளுக்கான ஸ்கிரிப்ட் ஓடிய 12:05-க்குப் பின்னால் விழும் பதிவுகள் அத்தனையும் கணக்கில் விடுபட்டவை. ஒரே ஒரு வினவலில் பட்டியல் வந்துவிடும். பேட்ச் இயங்கியிருந்தால் 12:00-லிருந்தே பாருங்கள். கிளைக் கோப்பிலிருந்து ஏற்றியவற்றை இப்படிப் பிடிக்க முடியாது. டேபிளில் தானாக ஏறும் எண் இருந்தால் அந்த எண்ணின் வரிசையில் பதிவுகளைப் பாருங்கள். கால்டேட் சீராக ஏறிக்கொண்டே வந்து, திடீரென ஒரு நாள் பின்னால் குதித்து, சில நூறு பதிவுகளுக்குப் பிறகு மறுபடி முன்னால் வந்தால், அந்தத் துண்டுதான் பிந்தி ஏற்றப்பட்ட கோப்பு. அதன் முன்னும் பின்னும் உள்ள நேரடிப் பதிவுகளின் முடிந்த நேரம், ஏற்றிய நேரத்தைச் சொல்லிவிடும். இரண்டு பட்டியல்களையும் தொலைபேசி நிறுவனத்தின் விரிவான பில்லோடு எண், தொடக்க நேரம், கால அளவு மூன்றையும் வைத்துப் பொருத்துங்கள். நேரத்தில் சில விநாடியும் கால அளவில் ஒன்றிரண்டு விநாடியும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பழைய பதிவுகளை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், இந்த வேலை முடியும்வரை அதை நிறுத்திவையுங்கள். கிளை சர்வர்களில் உள்ள பழைய சிஎஸ்வி கோப்புகளையும் அதுவரை யாரும் தொடக் கூடாது.